தாத்தாவுக்கு மட்டும் வால் முளைத்த புள்ளி

என் மகன் ஏழாம் வகுப்பு படிக்கும்போது, பள்ளியிலிருந்து காவலூர் வானாய்வகத்துக்கு அழைத்துப் போனார்கள். திரும்பி வந்த அன்றே ஆரம்பித்துவிட்டான், "அம்மா, டெலஸ்கோப் வேணும்." ஒரு வருடம் விடாமல் கேட்டான். போன தீபாவளி போனஸில் வாங்கிக் கொடுத்தேன். மேசை மேல் வைத்துப் பார்க்கிற சின்ன ரகம்.

வாங்கிய வாரமே, அதன் மேலிருந்த ஃபைண்டர் மாடிப்படியில் விழுந்து உடைந்தது. 'சின்ன பிளாஸ்டிக்தானே, போகட்டும்' என்று இருந்தேன். அன்று ராத்திரிதான் அதன் அருமை தெரிந்தது. நிலா தலைக்கு மேலே தொங்குகிறது, டெலஸ்கோப்பில் பார்த்தால் வெறும் இருட்டு. டெலஸ்கோப் பெரிதாக்கிக் காட்டும், ஆனால் வானத்தில் துளியூண்டு இடத்தைத்தான் காட்டும். அந்த இடத்துக்கு அதைத் திருப்ப வழிகாட்டுவதுதான் ஃபைண்டர்.

"ரெட் டாட் சைட் மாதிரி ஒண்ணு போடணும். நான் பாத்துக்கறேன்" என்றார் அப்பா.

அப்பா ராணுவத்தில் ஆர்மரராக இருந்தவர். அதாவது, துப்பாக்கிகளைப் பழுது பார்ப்பவர். ஓய்வு பெற்று வந்தபின் எங்கள் காட்பாடி வீட்டில் மிக்ஸி, ஃபேன், பக்கத்து வீட்டு மோட்டார் எல்லாம் அவர் கையில்தான். வேலையைப் பற்றி மட்டும் அதிகம் பேசமாட்டார். அன்று பேசினார்.

"பழைய துப்பாக்கியில மூணு விஷயம் ஒரே கோட்டுல வரணும்மா. பின்னால இருக்கற பள்ளம், முன்னால இருக்கற குச்சி, அதுக்கப்புறம் இலக்கு. நம்ம கண்ணு ஒரு நேரத்துல ஒண்ணைத்தான் தெளிவாப் பாக்கும். வயசாக ஆக அந்தக் குச்சி மங்கிடும். ரெட் டாட் வந்தப்புறம் புள்ளி, இலக்கு, ரெண்டே ரெண்டுதான். ரெண்டு கண்ணையும் தொறந்து வெச்சே பாக்கலாம்."

சினிமாவில் வில்லன் நெற்றியில் விழுமே, அந்தச் சிவப்பு லேசர்தான் இது என்று நான் நினைத்திருந்தேன். இல்லையாம். லேசர் எதிரே போய் இலக்கின் மேல் விழும். ரெட் டாட்டில் வெளிச்சம் இலக்கின் மேல் போய் விழுவதில்லை. உள்ளே ஒரு குட்டி எல்.இ.டி. விளக்கு. எதிரே சிவப்பை மட்டும் திருப்பி அனுப்புகிற பூச்சுள்ள வளைந்த கண்ணாடி. அதில் பட்டுத் திரும்பும் வெளிச்சம், ரொம்பத் தூரத்திலிருந்து வருவதுபோல நம் கண்ணை எட்டும். அதனால்தான் புள்ளி தூரத்து இலக்கின் மேலேயே ஒட்டியிருப்பது போலத் தெரிகிறது.

இந்த யோசனைக்கு 1900-ல் காப்புரிமை வாங்கியவர் டப்ளின் நகரத்து ஹோவர்ட் கிரப். அவர் குடும்பத் தொழிலே டெலஸ்கோப் செய்வது! அவர்கள் நிறுவனம் செய்த 20 அங்குல டெலஸ்கோப் ஒன்று புனேயில் இருந்தது. அந்த ஆய்வகம் 1912-ல் மூடப்பட்டபோது நம் கொடைக்கானலுக்கு வந்து சேர்ந்தது. டெலஸ்கோப்காரர் யோசித்தது துப்பாக்கிக்குப் போய், 1975-ல் ஸ்வீடனின் எய்ம்பாயிண்ட் நிறுவனம் வழியாக மின்சாரப் புள்ளியாக மாறியது. இப்போது மறுபடி டெலஸ்கோப் மேலேயே வந்து உட்கார்ந்திருக்கிறது.

வாங்கும்போது அப்பா ரொம்பக் கறார். துப்பாக்கிக்கான சைட் எதற்கு என்பது அவர் கட்சி. "சுடும்போது விழற உதையைத் தாங்கணும், அதான் அதுக்கு அவ்வளவு விலை. டெலஸ்கோப் உதைக்காது." புள்ளியின் அளவு முக்கியம் என்றார். அதை 'எம்.ஓ.ஏ.' என்ற கணக்கில் சொல்வார்களாம். ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு ஒரு எம்.ஓ.ஏ. 100 மீட்டர் தூரத்தில் அது கிட்டத்தட்ட 3 சென்டிமீட்டர். "முழு நிலா சுமார் 30 எம்.ஓ.ஏ. புள்ளி பெருசா இருந்தா நட்சத்திரத்தையே மறைச்சிடும். பக்கத்துல இருக்கறதை சட்டுனு பிடிக்கப் பெரிய புள்ளி, தூரத்துக்குச் சின்னப் புள்ளி." வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு கட்டாயம் வேண்டும் என்றார்.

பார்சல் வந்தது. பொருத்துவதில்தான் அவர் தொழில் தெரிந்தது. உட்காரும் இடத்தைத் துடைத்தார். இரண்டு திருகுகளையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினார். பிறகு, "உன் நெயில் பாலிஷ் குடும்மா" என்றார். திருகின் தலையிலிருந்து பக்கத்து உலோகம் வரை ஒரு சின்னக் கோடு. திருகு துளி நகர்ந்தாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும்!

மறுநாள் பகலில் சரிபார்ப்பு. எதிர்க் குன்றின் மேலிருக்கும் செல்போன் டவரின் உச்சியை டெலஸ்கோப்பின் நடுவில் கொண்டுவந்தான் பையன். இனி டெலஸ்கோப்பை அசைக்காமல், ஃபைண்டரின் திருகுகளால் புள்ளியை அதே உச்சிக்குக் கொண்டுவர வேண்டும். சூரியன் பக்கம் மட்டும் குழாயைத் திருப்பவே கூடாது, கண் போய்விடும்.

புள்ளியைப் பார்க்கக் குனிந்த அப்பா முகம் சுளித்தார்.

"என்னம்மா, இது புள்ளியா? கமா மாதிரி வால் நீட்டிக்கிட்டு இருக்கு."

கண்ணாடியில் தூசு இருக்கும் என்று ஊதினார். மெல்லிய பிரஷ்ஷால் தட்டி, மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றினார். வெளிச்சத்தைக் குறைத்தார். வால் குறைந்ததே தவிரப் போகவில்லை. "டூப்ளிகேட் அனுப்பிட்டான்" என்று ஒரே கோபம். திருப்பி அனுப்பி வேறொன்று வரவழைத்தோம். அதிலும் வால்! நான் பார்த்தேன், பொட்டு வைத்ததுபோல வட்டமாக இருந்தது. பையனுக்கும் வட்டம்தான்.

பையன் என் போனை வாங்கி, கேமராவை ஃபைண்டருக்குப் பின்னால் பிடித்து ஒரு போட்டோ எடுத்தான். படத்தில் அழகான வட்டப்புள்ளி.

"தாத்தா, சைட் நல்லாத்தான் இருக்கு."

அப்பா பதில் சொல்லவில்லை. ஃபைண்டரைக் கழற்றிக் கையில் பிடித்து, மெதுவாகப் பக்கவாட்டில் சுழற்றிப் பார்த்தார். கோளாறு கருவியில் இருந்தால் வாலும் கூடவே சுழல வேண்டும். வால் நின்ற இடத்திலேயே நின்றது. அடுத்து, கருவியை அசைக்காமல் தலையைச் சாய்த்தார். வால் சாய்ந்தது. ஆயிரம் துப்பாக்கிகளின் சைட்டைச் சரிபார்த்தவர், அதற்குமேல் யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

நாற்காலியில் உட்கார்ந்து ரொம்ப நேரம் கழித்துச் சொன்னார்: "ராத்திரியில எதிர்ல வர்ற வண்டி லைட்டு எல்லாம் இப்படித்தான்மா வருது. வால் வெச்சு. இப்பல்லாம் எல்.இ.டி. போடறான், அதான் கூசுதுன்னு நெனைச்சேன்."

எனக்கு வயிறு கலங்கியது. வாரத்தில் நான்கு நாள், ராத்திரி எட்டரைக்கு டியூஷன் முடிந்து என் மகன் வருவது தாத்தாவின் ஸ்கூட்டரில்.

"எத்தனை நாளாப்பா?"

"ஒரு வருஷம் இருக்கும். மெதுவாத்தான் போறேன்."

எனக்குக் கோபம் வந்தது. அவர் மேலா, ஒரு வருடமாகக் கவனிக்காத என் மேலா என்று தெரியவில்லை. ஸ்கூட்டர் மெதுவாக வருவதை நானும் பார்த்திருக்கிறேன். 'அப்பா நிதானமானவர்' என்று பெருமையாகச் சொல்லியும் இருக்கிறேன்.

இரண்டு நாளில் கண் மருத்துவரிடம் போனோம். வலது கண்ணில் சிலிண்டர் பவர் நன்றாக ஏறியிருந்தது. கருவிழியின் வளைவு எல்லாப் பக்கமும் ஒரே சீராக இல்லாததால் வெளிச்சம் ஒரே புள்ளியில் குவியாமல் இழுபடுகிறது என்று விளக்கினார். கூடவே கண்புரையும் தொடங்கியிருந்தது. அப்பா கடைசியாகக் கண்ணாடி மாற்றி ஏழு வருடம்! "கண்ணாடியை மாத்துங்க, ஆறு மாசம் கழிச்சு வாங்க. அதுவரைக்கும் ராத்திரியில வண்டி வேண்டாம்" என்றார்.

புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு முதல் வேலையாக மாடிக்குத்தான் போனார். புள்ளி வட்டமாகிவிட்டதாம். முழுசாக இல்லை, "லேசா மீசை மட்டும் இருக்கு."

ஸ்கூட்டர் சாவி எப்போதும் அவர் சட்டைப் பையில்தான் இருக்கும். அன்று சாயந்தரம் அதைச் சமையலறை வாசலில் என் கைப்பை மாட்டும் ஆணியில் மாட்டிவிட்டுப் போனார். ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இப்போது டியூஷனுக்கு நான் போகிறேன்.

இந்தப் புள்ளி, கண் பரிசோதனை அல்ல. ஆனால் உங்கள் வீட்டுப் பெரியவர்கள், தெருவிளக்குக்கு வால் தெரிகிறது, எதிர்வரும் வெளிச்சம் சிதறுகிறது என்று சொன்னால், 'இப்பல்லாம் லைட்டே அப்படித்தான்' என்று விட்டுவிடாதீர்கள். பல பேர் சொல்லவும் மாட்டார்கள். நாம்தான் கேட்க வேண்டும்.

போன வாரம் மூவரும் மாடியில் சனிக் கிரகத்தைத் தேடினோம். பையன் புள்ளியை வைத்தான், டெலஸ்கோப்பின் நடுவில் வளையத்தோடு வந்து நின்றது. அப்பா பத்து நிமிடம் கண்ணை எடுக்கவில்லை. இறங்கும்போது இருட்டில் படிகளை ஒவ்வொன்றாகத் தடவி இறங்கியவர், பாதியில் நின்று குரல் கொடுத்தார்.

"டேய், புள்ளியை அணைச்சியா? பேட்டரி போயிடும்."

"அணைச்சிட்டேன் தாத்தா. நீங்க கையைப் பிடிச்சிக்குங்க."

பிடித்துக்கொண்டார்.