பதினாறு மாடும் ஒரு லாரியும்



நவரை அறுவடை முடிந்தது. சொர்ணவாரிக்கு நாற்று விடுவதற்குள் நாலு நாள் கிடைத்தது. திருவொற்றியூரில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்குப் போய் வந்தேன். இது வயல் பதிவு இல்லை. ஆனாலும் கடைசியில் வயலுக்குத்தான் வந்து நிற்கும், கொஞ்சம் பொறுத்துப் படியுங்கள்.

போன காரணம் தங்கச்சியின் போன்தான். “அண்ணே, டிப்ளமோ முடிச்சு பத்து மாசம் ஆவுது. ராவெல்லாம் கம்ப்யூட்டர்ல லாரி ஓட்டிக்கினு கீறான். அவங்கப்பாவும் இவனும் மூணு வாரமா மூஞ்சி குடுத்துப் பேசல. நீ தாய்மாமன். வந்து ரெண்டு வார்த்த நல்லா கேளு.”

பொன்னேரியில் ரயில் ஏறினேன். மீஞ்சூர் வரைக்கும் கண்ணுக்குப் பச்சை இருக்கும். அத்திப்பட்டு தாண்டினால் அனல்மின் நிலையப் புகைபோக்கி, எண்ணூர், விம்கோ நகர், பிறகு திருவொற்றியூர். இறங்குவதற்குள் பையனை என்னென்ன கேட்பது என்று மனசுக்குள் வரிசையாக அடுக்கி வைத்துக்கொண்டேன்.

வீட்டுக்குள் நுழைந்தால் மருமகன் திரையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருக்கிறான்.

“என்னடா பண்ற?”

“மாடு லோடு ஆர்டர் சரி பண்றேன் மாமா.”

“மாடு லோடா? எத்தன மாடு?”

“பதினாறு.”

“ஒரே லாரியிலயா? பதினாறு மாட்ட ஏத்தினா போலீஸ் புடிப்பான்டா. மாடும் மிதிபட்டுச் சாவும்.”

அவன் சிரித்த சிரிப்பில் நான் அடுக்கி வைத்திருந்தது பாதி சரிந்துவிட்டது.

விஷயம் இதுதான். அவன் விளையாடுவது ‘யூரோ டிரக் சிமுலேட்டர் 2’. செக் நாட்டில் பிராக் நகரத்து எஸ்.சி.எஸ். சாஃப்ட்வேர் கம்பெனி 2012-ல் வெளியிட்டது. வாங்கும்போது அதில் இருப்பது ஐரோப்பா ரோடும் ஐரோப்பா லாரியும். நம்ம ஊர் லாரி வேண்டும், நம்ம ரோடு, ஆட்டோ, பஸ் வேண்டும் என்றால், ஆட்டத்தின் மேல் ஆசையுள்ள ஆட்கள் தாங்களே செய்து பகிரும் துணைக் கோப்புகளைச் சேர்க்க வேண்டும். அதற்குப் பேர் மாட். அவன் வாயில் அது மாடு. எந்த மாட் எதற்கு மேலே, எதற்குக் கீழே என்கிற வரிசைதான் லோடு ஆர்டர்.

இவன் 16 மாட்டையும் ஒரே நாளில் ஏற்றியிருக்கிறான். ஆட்டம் பாதி திறந்து அப்படியே மூடிக்கொள்கிறது.

“ஒண்ணொண்ணா ஏத்தக் கூடாதா?”

“ஆசை மாமா,” என்றான். அதற்கு என்னிடம் பதில் இல்லை. புது விதை, புது உரம் என்றால் நானும் அப்படித்தான்.

ஏன் இந்த ஆசை என்பதை ராத்திரி சாப்பிடும்போது தங்கச்சி சொன்னாள். மாப்பிள்ளை 24 வருஷம் டிரெய்லர் ஓட்டினவர். மணலியில் பெட்டி ஏற்றிக்கொண்டு, எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் வரிசையில் நின்று, துறைமுகத்தின் ஜீரோ கேட்டில் நுழைவதற்குள் ஒரு ராத்திரியே போய்விடும். வண்டியிலேயே சாப்பாடு, வண்டியிலேயே தூக்கம். முதுகுத்தண்டு போய்விட்டது. இனி கனரக வண்டி தொடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இப்போது ஒரு கிடங்கில் காவல் வேலை.

அந்த நேரம் பார்த்துப் பையன், “நான் ஹெவி லைசென்ஸ் எடுக்கிறேன்” என்று வாய்விட்டிருக்கிறான். “இந்தப் பொழப்பு என்னோட போவட்டும்” என்றாராம் மாப்பிள்ளை. அதோடு பேச்சு நின்றது. பையன் ரிச்சி தெருவில் பழைய கம்ப்யூட்டரும், யாரிடமோ பழைய ஸ்டீயரிங் ஒன்றும் வாங்கி வந்து லாரி ஓட்ட ஆரம்பித்துவிட்டான்.

சாப்பிட்டு முடித்து அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். திட்டத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அந்த வரிசை என்னை இழுத்துக்கொண்டது.

“மேல இருக்கிறதுதான் பெரிய மாடா?”

“பெருசு சின்னது இல்ல மாமா. ரெண்டு மாடு ஒரே கோப்பைத் தொட்டா யார் பேச்சு நிக்கும்ங்கிறதுதான் கணக்கு. இந்த ஆட்டத்துல மேல இருக்கிறவன் பேச்சு நிக்கும். ஒண்ணையொண்ணு தொடலன்னா எங்க வெச்சாலும் ஒண்ணும் ஆவாது.”

இதை அவன் சாதாரணமாகச் சொன்னான். நான் கொஞ்ச நேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். நான் நினைத்தது முக்கியமானது மேலே, முக்கியமில்லாதது கீழே என்று. அப்படி இல்லை. ஊர் முழுக்கத் தாங்குகிற மேப் மாட் பொதுவாக எல்லாவற்றுக்கும் அடியில் கிடக்கிறது. அதற்கு மேல் லாரி, டிரெய்லர். அதற்கும் மேல் டிராஃபிக், சத்தம், மழை வெயில். மேப்பே நாலு துண்டாக வந்தால் செய்தவர் சொன்ன வரிசையிலேயே வைக்க வேண்டும். செய்தவர் எழுதின குறிப்பைத்தான் முதலில் படிக்க வேண்டும், பொது விதி எல்லாம் அப்புறம்தான்.

எல்லா ஆட்டத்துக்கும் இதே விதியும் இல்லையாம். இவன் சிநேகிதன் ஆடும் ‘ஸ்கைரிம்’, 2011-ல் வந்தது, அதில் தலைகீழ். கடைசியில் ஏறுகிறவன் பேச்சுதான் நிற்கும். ஒரு பிளகின் இன்னொன்றை நம்பி இருந்தால் அந்த மூலக் கோப்பு முன்னாலேயே ஏறியிருக்க வேண்டும், இல்லையென்றால் ஆட்டம் திறக்காது. முழு பிளகின் 255-க்கு மேல் ஏறாது. அவ்வளவையும் கையால் அடுக்க முடியாமல், வரிசைப்படுத்திக் கொடுக்கவே ‘லூட்’ என்று ஒரு இலவசக் கருவியை ஆட்களே செய்து வைத்திருக்கிறார்கள்.

சரி, 16-ல் எது ஆட்டத்தை மூடுகிறது? ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம் என்றேன். ஒரு தடவை திறக்கவே சில நிமிஷம் ஆகிறது, விடிந்துவிடும் என்றான். “பாதி பாதியா பண்ணலாம் மாமா. எட்ட எடுத்துட்டுத் திறப்போம். திறந்தா தப்பு எடுத்த எட்டுல. திறக்கலன்னா மிச்ச எட்டுல.”

இது எனக்குத் தெரிந்த வேலைதான். வயலில் பூமிக்குள் போகும் பைப் எங்கேயோ உடைந்தால் முழு நீளத்தையும் தோண்ட மாட்டோம். நடு வால்வை மூடிப் பார்ப்போம். அழுத்தம் நின்றால் உடைப்பு அந்தப் பக்கம், நிற்காவிட்டால் இந்தப் பக்கம். அதையே திரும்பத் திரும்பச் செய்தால் நாலு தடவையில் உடைந்த இடத்துக்கு வந்துவிடலாம்.

பழைய விளையாட்டுக் கணக்கு கெடாமல் இருக்க, புதிதாக ஒரு புரொஃபைல் திறந்து அதில் சோதித்தான். பிரிக்கக் கூடாத மேப் துண்டுகளை ஒன்றாகவே வைத்தான். எட்டு, நாலு, இரண்டு, ஒன்று. ராத்திரி ஒன்றரைக்கு ஆள் அகப்பட்டது. ஒரு பழைய டிராஃபிக் மாட். ஆட்டம் புதுப் பதிப்புக்கு மாறியிருக்கிறது, இது பழைய பதிப்புக்குச் செய்தது. ஒத்துப்போகாத சில மாட்களை மேனேஜரே சிவப்பில் காட்டிவிடுமாம். ஆனால் எந்தப் பதிப்புக்கு என்று செய்தவர் குறிக்காமல் விட்டிருந்தால் அதற்கும் தெரியாது. லாக் என்று ஒரு உரைக் கோப்பு இருக்கிறது, ஆட்டம் எதில் தடுக்கி விழுந்தது என்று வரிவரியாக எழுதி வைத்திருக்கும். அதைத் திறந்து பார்த்தால் கடைசி வரிகளில் அதே மாட்டின் கோப்புப் பேர்தான்.

அதை நீக்கினான். ஆட்டம் திறந்தது. நான் கை தட்டினேன். அவன் முகத்தில் சந்தோஷம் இல்லை.

“என்னடா?”

“லாரி கலர் வரல மாமா.”

அப்போதுதான் சொன்னான். லேலண்டு மாதிரியில் யாரோ செய்த லாரி மாட் ஒன்று எடுத்திருக்கிறான். (அசோக் லேலண்ட் ஆலை இவர்கள் வீட்டுக்கு வடக்கே எண்ணூரில்தான். 1948-ல் அசோக் மோட்டார்ஸ் என்று தொடங்கி, 1955-ல் இந்தப் பேருக்கு வந்தது.) அந்த லாரிக்கு அவங்கப்பா ஓட்டின வண்டியின் நிறத்தை, பழைய போட்டோ பார்த்துத் தானே வரைந்து ஒரு சின்ன மாட் செய்திருக்கிறான். முன்னால் ‘வடிவுடையம்மன் துணை’. பக்கவாட்டில் அதே பட்டை. ரெண்டு வாரமாக அது திரையில் வரவில்லை. படக் கோப்பில்தான் தப்பு என்று நினைத்து எட்டு தடவை திரும்ப வரைந்திருக்கிறான்.

நான் கம்ப்யூட்டர் தெரிந்தவன் இல்லை. ஆனால் சாயங்காலம் அவன் சொன்னது மனசில் இருந்தது.

“உன் மாடு எங்கடா இருக்கு?”

“இதோ, கீழ.”

“லாரி மாடு?”

ரெண்டு பேரும் திரையைப் பார்த்தோம். லாரி மாட் இவனுடையதற்கு மேலே உட்கார்ந்திருக்கிறது. ரெண்டும் தொடுவது ஒரே வண்ணப் படத்தை. மேலே இருப்பவன் பேச்சு நிற்கிறது. எனக்குப் பாடம் சொன்னவனே தன் மாட்டைப் பார்க்க மறந்துவிட்டான்.

அம்புக்குறியை நாலு தடவை அழுத்தி மேலே ஏற்றினான். திறந்தான். மாப்பிள்ளையின் வண்டி, அதே நிறம், திரையில் நின்றது. எட்டு தடவை வரைந்ததில் முதல் தடவை வரைந்ததே சரியாகத்தான் இருந்திருக்கும். வேலையில் குறை இல்லை, இருந்த இடத்தில்தான் குறை.

எனக்கு என் ஜிங்க் ஞாபகம் வந்தது. ரெண்டு வருஷம் முன்னால் நெல் இலையில் துரு மாதிரிப் புள்ளி. ஜிங்க் சல்பேட் போட்டும் கேட்கவில்லை. கலப்படச் சரக்கு என்று கடைக்காரரைத் திட்டினேன், வேறு கடையில் வாங்கினேன், அதுவும் கேட்கவில்லை. கடைசியில் பார்த்தால் நான் அதை டி.ஏ.பி.யோடு ஒரே குவியலில் கலந்து போட்டிருக்கிறேன். மணிச்சத்து ஜிங்க்கைப் பிடித்துக்கொள்ளும், பயிருக்குப் போய்ச் சேராது. ஏக்கருக்கு 10 கிலோவை 20 கிலோ மணலில் கலந்து, நடவுக்குச் சற்று முன்னால் தனியாகத் தூவியிருக்க வேண்டும். சரக்கு நல்ல சரக்குதான்.

மறுநாள் காலை மாப்பிள்ளை ராத்திரிக் காவல் முடிந்து வந்தார். அவரைக் கூப்பிட வேண்டாம் என்று பையன் கண்ணால் சைகை செய்தான். நான் கூப்பிட்டேன். தாய்மாமனுக்கு இந்த உரிமைகூட இல்லையா?

திரை முன்னால் வந்து நின்றவர் ஒன்றும் பேசவில்லை. ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு வரிசைப் பட்டியலைக் காட்டி, “இது இன்னாது மச்சான்?” என்று என்னைக் கேட்டார். மகனைக் கேட்கவில்லை. எனக்குப் புரிந்த அளவில் சொன்னேன். “எது அடில, எது மேலன்னு தெரியாம ஏத்தினா வண்டியே நிக்காதாம் மாப்பிள்ளை.”

“கப்பலும் அப்படித்தான்,” என்றார். “பாரமான பெட்டி அடில. கடைசியா எறக்குற ஊருப் பெட்டியும் அடில. மொத ஊருல எறக்குறது மேல. மாத்தி வெச்சிட்டா, ஒரு பெட்டிய எடுக்க மேல இருக்கிற அத்தனையும் எறக்கி ஏத்தணும்.”

பையன் மெதுவாக நாற்காலியை விட்டு எழுந்தான். மாப்பிள்ளை முதுகைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஸ்டீயரிங்கைத் தொட்டார். முதல் வேலையாகக் கண்ணாடியைப் பார்த்தார், திரைக்குள் இருக்கிற கண்ணாடியை. வண்டி நகர்ந்தது. ஒரு திருப்பத்தில் டிரெய்லர் பின்சக்கரம் தட்டாமல் அகலமாக வாங்கித் திருப்பினார்.

கொஞ்ச நேரம் கழித்து, திரும்பாமலே, “பம்பர்ல எழுத்து இன்னும் கொஞ்சம் மேல இருக்கும்டா,” என்றார்.

“நாளைக்கு மாத்திடறேன்பா.”

மூணு வாரத்தில் அவர்கள் பேசின முதல் பேச்சு அது.

லைசென்ஸ் பற்றி ஒன்றும் முடிவாகவில்லை நண்பர்களே. அப்பா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, அந்த முதுகைப் பார்த்தால் தெரியும். பையன் ஆசையிலும் பொய் இல்லை. ஒரே விஷயத்தை ரெண்டு பேரும் தொடுகிறார்கள், யார் பேச்சு நிற்கும் என்பதை நான் போய் அம்புக்குறி அழுத்தி மாற்ற முடியாது. “திட்டச் சொல்லிக் கூப்டா, நீயும் சேந்து உக்காந்துக்கினியே அண்ணே,” என்று தங்கச்சி ரயிலடி வரை வந்து சண்டை போட்டாள். மீனும் கட்டிக் கொடுத்தாள்.

கிளம்பும்போது பையன் ஒரு நோட்டைக் காட்டினான். அன்று ராத்திரியிலிருந்து எழுத ஆரம்பித்திருக்கிறான். தேதி, எந்த மாட், எதற்கு மேல், மாற்றினதும் என்ன ஆச்சு. ஒரு தடவைக்கு ஒரு மாற்றம்தான்.

நானும் பொன்னேரியில் இறங்கினதும் ஒரு நோட்டு வாங்கினேன். தேதி, எந்த வயல், எந்த உரம், எதற்குப் பிறகு. முதல் வரி எழுதியாச்சு: விதைநேர்த்தி.

நாற்றங்கால் எப்படி வந்திருக்கிறது என்று அடுத்த பதிவில் சொல்கிறேன்.