ரஸ்லாண்டின் ஓக் கூடை

மே மாதத்துச் சனிக்கிழமையில் விண்டர்மியர் ஏரிக்கரை நம் கொடைக்கானல் சீசனைப் போலத்தான் இருக்கிறது. படகுக்கு வரிசை, ஐஸ்கிரீமுக்கு வரிசை, காரை நிறுத்த இடம் தேடி மூன்று சுற்று. ஏரியின் தென்முனையில் நியூபி பிரிட்ஜைத் தாண்டி, ஹேவர்த்வெயிட் அருகே ஒரு கிளைச்சாலையில் மகள் வண்டியைத் திருப்பினாள். கால் மணி நேரத்தில் மனிதச் சத்தமே இல்லை. ஒரு வண்டி மட்டும் போகக்கூடிய சாலை. இரண்டு பக்கமும் பாசி படிந்த கல்சுவர். எதிரே ஒரு டிராக்டர் வந்தது. நாங்கள் நூறு அடி பின்வாங்கி வழிவிட்டோம். ஓட்டி வந்தவர் ஒரு விரலை மட்டும் உயர்த்தி நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

இது ரஸ்லாண்ட் பள்ளத்தாக்கு. இங்கிலாந்தின் வடமேற்கில், விண்டர்மியருக்கும் கோனிஸ்டன் ஏரிக்கும் நடுவில் இருக்கிறது. லேக் டிஸ்ட்ரிக்ட் தேசியப் பூங்காவுக்குள்தான் வருகிறது என்றாலும், சொல்லிக்கொள்ள ஓர் ஏரி இல்லாததால் சுற்றுலாக் கூட்டம் இந்தப் பக்கம் திரும்புவதில்லை. நடுவில் ஒரு சிற்றாறும் சதுப்பும். சரிவு முழுக்கக் காடு. சிறுவர் நாவல்கள் எழுதிய ஆர்தர் ரான்ஸம் இங்குள்ள தேவாலய வளாகத்தில்தான் அடக்கமாகியிருக்கிறார்.

நான் வந்தது காட்டைப் பார்க்க அல்ல, கூடையைப் பார்க்க. ஓக் மரத்தைக் கிழித்துப் பின்னும் ‘ஸ்வில்’ என்ற கூடை இந்த வட்டாரத்துச் சரக்கு. அதை முடைகிற ஒருவர் வரச் சொல்லியிருந்தார். பெயரைப் போட வேண்டாம், கூடையைப் பற்றி எழுதினால் போதும் என்பது அவருடைய நிபந்தனை. வயது அறுபத்தெட்டு. பழைய கம்பளிச் சட்டையும் முழங்காலில் தோல் ஒட்டுப்போட்ட கால்சட்டையுமாக வாசலில் நின்றிருந்தார். கையைக் குலுக்க நீட்டியவர் பாதியில் நிறுத்தினார். “பரவாயில்லையா? இது அழுக்கில்லை, ஓக்” என்றார். உள்ளங்கையும் விரல் இடுக்குகளும் நீலம் கலந்த கருப்பாக இருந்தன.

பட்டறைக்குப் போவதற்கு முன்னால் காட்டைக் காட்டினார். நீலமணிப் பூக்கள் தரை தெரியாமல் பூத்திருந்த பருவம். நான் அவற்றைப் படம் எடுத்துக்கொண்டிருக்க, அவர் ஒரு மரத்தடியைக் காலால் தட்டிக் காட்டினார். பார்த்தால் ஒரே வேர்க்கட்டையிலிருந்து ஏழெட்டு மரங்கள் வட்டமாக எழுந்து நின்றன. “இதை விதைத்து வளர்த்ததில்லை. வெட்டி வளர்த்தது” என்றார். குளிர்காலத்தில் மரத்தைத் தரையோடு வெட்டிவிடுவார்கள். வசந்தத்தில் கட்டையிலிருந்து கொத்தாகத் துளிர் வரும். அது நேராக, கணுக் குறைவாக, வேகமாக வளரும். தேவைப்பட்ட பருமன் வந்ததும் மறுபடி வெட்டு. இதற்குக் ‘காப்பிஸ்’ என்று பெயர். கரும்பில் நாம் மறுதாம்பு விடுவதைப் போலத்தான். கரும்புக்கு ஓராண்டு, இங்கே ஹேசலுக்கு ஏழெட்டு ஆண்டு, கூடைக்கான ஓக்குக்கு இருபத்தைந்து ஆண்டு வரை. கரும்பின் மறுதாம்பு சில போகங்களில் ஓய்ந்துவிடும். ஓக் கட்டை நூற்றாண்டுக் கணக்கில் தழைத்துக்கொண்டே இருக்கும்.

சற்று மேலே சரிவை வெட்டிச் சமன்படுத்திய ஒரு வட்டம் தெரிந்தது. ஒரு சிறிய களத்தின் அளவு. சருகை விலக்கி மண்ணைக் கிளறினார். கன்னங்கரேல் என்று கரித்தூள். கரிமூட்டம் போட்ட இடம். இந்தச் சரிவுகளில் இப்படிப்பட்ட வட்டங்கள் ஏராளமாக இருக்கின்றன. ராமநாதபுரத்துச் சீமைக் கருவேலங்காட்டில் மூட்டம் போடுவதைப் பார்த்தவர்களுக்கு இங்கே விளக்கம் தேவைப்படாது. விறகை வட்டமாக அடுக்கி, புல்லும் மண்ணும் போட்டு மூடி, காற்றுப் புகாமல் நாள்கணக்கில் புழுங்க விடுவதுதான். எங்காவது வெடித்துத் தீ வெளிவந்தால் அத்தனையும் சாம்பல். அதனால் மூட்டத்துக்காரர்கள் பருவம் முழுக்கக் காட்டிலேயே கூம்புக் குடிசை போட்டு இரவும் பகலும் காவல் இருந்தார்கள். ரான்ஸம் 1930இல் எழுதிய ‘ஸ்வாலோஸ் அண்ட் அமேசான்ஸ்’ நாவலில் அவர்களைப் பார்க்கலாம்.

கரி எதற்கு? இரும்புக்கு. இந்தக் காடுகள் ஒரு காலத்தில் ஃபர்னஸ் மடத்துத் துறவிகளின் கையில் இருந்தன. எட்டாம் ஹென்றி மன்னர் காலத்தில், 1537இல், மடம் கலைக்கப்பட்டது. 1711இல் பக்கத்து பேக்பாரோவில் ஊதுலை எழுந்தபோது, அது தின்றதெல்லாம் இந்தச் சரிவுகளின் கரிதான். லோ வுட்டில் வெடிமருந்து ஆலை வந்தது. அதற்கு ஆல்டர், ஜூனிபர் மரங்களின் கரி. உரித்த ஓக் பட்டை தோல் பதனிடப் போனது. பிர்ச்சும் ஆஷும் நூல்கட்டை ஆலைகளுக்கு. மிச்சம் கிடந்த நேர்த்தியான ஓக் கழிகள் கூடைக்கு. காட்டில் வீண் என்று ஒன்று இல்லை. நான் அமைதி என்று ரசித்துக்கொண்டிருந்த பள்ளத்தாக்கில் மழுச் சத்தமும் புகையும் குதிரை வண்டியும் ஓயாத நூற்றாண்டுகள் இருந்தன. இப்போதைய அமைதி, ஆலை மூடிய ஊரில் இருக்கிற அமைதி.

பட்டறை என்பது தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகை. ஒரு மூலையில் ஆளை நீட்டிப் படுக்க வைக்கும் நீளத்துக்கு இரும்புத் தொட்டி. அதன் கீழே அடுப்பு. ஓக் கழிகளை ஐந்தடி நீளத்துக்கு அறுத்து முந்தைய நாளே அதில் வேக வைத்திருந்தார். தண்ணீர் மை போல் கருத்திருந்தது. அவர் கையின் நிறத்துக்குக் காரணம் அப்போது புரிந்தது. ஓக்கின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கருப்பு. கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து நம்மவர்கள் மை காய்ச்சியது இதே கணக்குத்தான்.

வெந்த கழியை ஆவி பறக்க எடுத்து நிறுத்தி, முனையில் பிளப்புக்கத்தியை வைத்துக் கொட்டாப்புளியால் ஒரு தட்டு. கழி இரண்டாகத் திறந்தது. இரண்டு நான்கானது, நான்கு எட்டானது. அதற்குப் பிறகு கத்திக்கு வேலை குறைவு, கைக்குத்தான் வேலை. நுனியில் சிறிய வெட்டுக் கொடுத்து, ஒரு பாதியை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கி, மறு பாதியைக் கையால் இழுத்துக் கிழிக்கிறார். ஐந்தடி நீளமும் ஒரே சீராக, தோல்வாரைப் போல, இரண்டு மில்லிமீட்டர் கனத்துக்கு உரிந்து வருகிறது.

“முயன்று பாருங்கள்” என்றார். ஓரடி நன்றாக வந்தது. பிறகு பிளவு ஒரு பக்கமாகச் சரிந்து, ஒரு பாதி மெலிந்துகொண்டே போய், ‘டப்’ என்று முறிந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில் அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“நீங்கள் மெலிந்த பக்கத்தை இழுக்கிறீர்கள். பாவம் பார்க்காதீர்கள், தடித்த பக்கத்தை வளையுங்கள். பிளவு தானாக அந்தப் பக்கம் திரும்பும்.”

வளைத்தேன். நார் கிழிகிற சத்தம் லேசாக மாறியது. ஓரத்துக்கு ஓடிக்கொண்டிருந்த பிளவு உண்மையிலேயே நடுவுக்குத் திரும்பி வந்தது. இந்த ஒரு விஷயம் கைக்குப் பழகத் தனக்கு இரண்டு குளிர்காலம் ஆனது என்றார். அறுவை ரம்பம் நாரைக் குறுக்கே வெட்டிவிடும். கிழித்தால் நார் நுனி முதல் அடி வரை அறுபடாமல் இருக்கும். கூடையின் ஆயுள் முழுக்க அதில்தான் இருக்கிறது.

அடுத்தது இழைப்பு. இதற்கு ஒரு மரப் பலகைக் குதிரை உண்டு. அதைப் ‘பெட்டைக் குதிரை’ என்றே சொல்கிறார்கள். அதன் மேல் சவாரி செய்வது போல் உட்கார்ந்து, காலால் மிதித்தால் முன்னால் உள்ள கட்டை இறங்கிப் பட்டையைக் கவ்விக்கொள்ளும். இரண்டு கைப்பிடி உள்ள கத்தியைத் தன் பக்கமாக இழுத்துச் சீவுகிறார். அங்கே வேலை கற்றுக்கொள்ள வந்திருந்த இளம்பெண்ணுக்கு அன்று முழுக்க இந்தச் சீவல்தான். பல்கலைக்கழகத்தில் புவியியல் படித்தவர். வாரத்தில் மூன்று நாள் இங்கே, மீதி நாள் ஒரு காபிக் கடையில். “கடைச் சம்பளத்தில்தான் இதைக் கற்றுக்கொள்கிறேன்” என்றார் நிமிராமலே.

கூடையின் வாய்வளையம் ஹேசல் கம்பு. அதை ஆவியில் காட்டி நீள்வட்டமாக வளைத்து, முனைகளை ஒன்றன் மேல் ஒன்று வைத்து ஆணி அடிக்கிறார்கள். பிறகு அகலமான ‘ஸ்பெல்க்’ பட்டைகளை வளையத்தின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு விலா எலும்பு போல் கொடுப்பார்கள். நெசவில் சொன்னால் அது பாவு. மெல்லிய வார்களை அதற்குக் குறுக்கே, வளையத்தையும் சுற்றிக்கொண்டு, மேலும் கீழுமாக ஓட்டுவது ஊடு. கட்டுவதற்குக் கயிறோ பசையோ கிடையாது. ஈரத்தில் பின்னி, காய்ந்தபின் இறுகுகிற இறுக்கம்தான். நம் மூங்கில் கூடையில் வெளிச்சம் தெரியும். இதைத் தூக்கிச் சூரியனுக்கு நேரே பிடித்தாலும் ஒன்றிரண்டு ஊசி ஒளிதான். தொட்டில் மாதிரி அடி உருண்டு இருக்கிறது. உண்மையிலேயே இதில் பிள்ளைகளைத் தூங்கவும் வைத்திருக்கிறார்கள்.

விதை தூவ, உருளைக்கிழங்கு பொறுக்க, கடற்கரையில் சிப்பி அள்ள, கப்பலுக்கு நிலக்கரி ஏற்ற, ஆலையில் நூல்கட்டை சுமக்க என்று எல்லாவற்றுக்கும் ஸ்வில்தான். ஸ்வில் கடைகள் என்று அழைக்கப்பட்ட பட்டறைகள் இந்த வட்டாரத்து ஊர்களில் இயங்கின. கம்பிக் கூடையும் பிளாஸ்டிக் வாளியும் வந்தபின் ஒவ்வொன்றாக மூடின.

பிற்பகலில் மலைமுகட்டைத் தாண்டி ஸ்டாட் பார்க் நூல்கட்டை ஆலைக்குப் போனோம். 1835இல் கட்டியது. லங்காஷயர் பஞ்சாலைகளுக்கான நூல்கட்டைகளை இங்கே கடைந்திருக்கிறார்கள். நன்றாக ஓடிய காலத்தில் வாரத்துக்கு 2,50,000. அநாதை விடுதிகளிலிருந்து கொண்டுவந்த சிறுவர்களும் அதில் உழைத்தார்கள். பாதுகாப்பு மறைப்பு இல்லாத பட்டைச் சக்கரங்கள், மரத்தூள் நிறைந்த காற்று, மெழுகுவத்தி வெளிச்சம். பழைய தொழில் என்றாலே கண்ணைத் துடைத்துக்கொள்கிற பழக்கம் எனக்கும் உண்டு. அந்தக் கடைசல் இயந்திரங்களுக்கு முன்னால் நின்றபோது அது கொஞ்சம் தெளிந்தது. 1971இல் ஆலை நின்றது. 1983 முதல் அருங்காட்சியகம். பார்வையாளர்களுக்கு இயந்திரத்தை ஓட்டி ஒரு நூல்கட்டை கடைந்து காட்டுகிறார்கள். அதை வாங்கி நூல் சுற்ற ஆலை எதுவும் இல்லை.

திரும்பி வந்து டீ குடிக்கும்போது நேரடியாகவே கேட்டேன், இதில் பிழைக்க முடிகிறதா என்று.

“கூடையை மட்டும் நம்பினால் முடியாது” என்றார். காலையில் உட்கார்ந்தால் மாலைக்குள் ஒரு கூடை. மரம் வெட்டியது, சுமந்தது, வேக வைத்தது தனிக் கணக்கு. நூறு பவுண்டுக்கு மேல் விலை வைக்க வேண்டியிருக்கிறது. கிழங்கு பொறுக்க யாரும் அந்த விலைக்கு வாங்க மாட்டார்கள். கணப்படுப்புக்குப் பக்கத்தில் விறகு போட்டு வைக்க வாங்குகிறார்கள். வருமானத்தில் பெரும்பகுதி வார இறுதிப் பயிற்சி வகுப்புகளில் வருகிறது. நகரத்திலிருந்து வந்து, ஒரு கூடை பின்னி, அதைக் காரில் வைத்துக்கொண்டு போகிறார்கள். தொழில், பொழுதுபோக்காக மாறித்தான் உயிரோடு இருக்கிறது. ஹெரிடேஜ் கிராஃப்ட்ஸ் என்ற அமைப்பு 2017 முதல் அழியும் நிலையிலுள்ள கைத்தொழில்களின் சிவப்புப் பட்டியலை வெளியிடுகிறது. ஸ்வில் முடைதலும் அதில் இருக்கிறது.

“பட்டியலில் போட்டதால் ஏதாவது நன்மை?”

“செய்தியாளர்கள் வருகிறார்கள்” என்று என்னைப் பார்த்துச் சிரித்தார்.

கிளம்பும்போது, போன குளிர்காலத்தில் அவர் வெட்டிய துண்டு நிலத்தைக் காட்டினார். முதலில் பார்க்கையில் காட்டை யாரோ கொன்றுபோட்டதைப் போல இருந்தது. வெட்டாமல் விட்ட பக்கத்தில் மரங்கள் நெருங்கி, கிளைகள் கூடி, தரையில் இருட்டும் சருகும்தான். வெட்டிய பக்கத்தில் வெயில் விழுந்து பூவும் புல்லும் எழும்பி, வண்ணத்துப்பூச்சிகள் பறந்துகொண்டிருந்தன. நூற்றாண்டுகளாக வெட்டுக்குப் பழகிய காடு இது. வெட்டை நிறுத்தினால் இந்தப் பூக்கள் போய்விடும். காட்டைக் காப்பாற்ற வேலி போட்டு விட்டுவிட்டால் போதும் என்று நினைக்கிறவர்கள் இந்தக் கோட்டில் நின்று இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். நூலகத்தில் ஆவணப்படுத்தினாலும் அருங்காட்சியகத்தில் தொங்கவிட்டாலும் இந்தக் காட்டுக்கு அது உதவாது. கூடையை வாங்க ஆள் இருக்கும் வரைதான் கழியை வெட்ட ஆள் இருப்பார்.

அடிக்கட்டைகளின் மேல் முள்ளும் சுள்ளியும் குவித்து மூடியிருந்தார். மான்கள் இளந்துளிரை மேய்ந்துவிடாமல் இருக்க. சுள்ளியை விலக்கிக் காட்டினார். பட்டை ஓரத்தில், கட்டைவிரல் நகம் அளவுக்குச் செந்நிறமாக ஏழெட்டுத் துளிர்கள்.

அவை கூடைக்கு ஆக இன்னும் இருபத்தைந்து ஆண்டு ஆகும். அப்போது அவருக்கு வயது தொண்ணூற்று மூன்று. அந்தப் பெண்ணுக்கு ஐம்பது தாண்டியிருக்காது.