கழிவு ஒயிலும் கிணற்றடியும்

மலர்க்குழுவின் செயலாளர் நம்மிடம் கட்டுரை வேண்டி வந்தபோது, சமயம், இலக்கியம், பழைய நினைவு என எது பற்றியாயினும் எழுதுக என்றார். முன்னிரண்டையும் எழுத நம்மினுந் தக்கார் பலர் உளர். பழைய நினைவுகளையோ நம் வகுப்பு நண்பர்கள் முன்னை மலர்களிலே ஏறக்குறைய எழுதித் தீர்த்துவிட்டனர். ஆதலின், சில திங்களுக்கு ஒரு முறை நம் வீட்டு முற்றத்தில் மல்லாந்து கிடந்து நாமே செய்துவருந் தொழிலொன்றைப் பற்றி எழுதத் துணிந்தோம். டீசல் மோட்டார் வண்டிக்கு எஞ்சின் ஒயிலையும் அதன் பில்ரரையும் மாற்றுவதே அது. கல்லூரி மலரில் இதற்கும் இடமுண்டோ என ஐயுறும் அன்பர்கள், உராய்வு என்னும் பாடத்தைப் பௌதிக வகுப்பிலே நாமெல்லாம் எத்தனை நாள் இருந்து கேட்டோம் என்பதை நினைந்து பார்ப்பாராக.

நமது வண்டி 1993 ஆம் ஆண்டின் ரொயோட்டா கொரோலா. அதனுள் இருப்பது, கராச்சுக்காரர் 'ரூ சீ' என வழங்கும் நான்கு சிலிண்டர் டீசல் எஞ்சின். முப்பது ஆண்டு கடந்த வண்டியை ஏன் இன்னும் கட்டியழுகின்றீர் என வெளிநாட்டிலுள்ள உறவினர் வினவுவதுண்டு. இந்நாட்டில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு வழி மீண்டுந் திறந்தது 2025 பெப்ரவரியிலேதான். திறந்த பின்னரும், வரியோடு கூடிய விலையைக் கேட்டால் ஓய்வூதியக்காரருக்கு நெஞ்சடைக்கும். ஆகவே இருக்கும் எஞ்சினைக் காப்பதன்றி வேறு வழியில்லை. எஞ்சினைக் காப்பதாவது பெரும்பாலும் அதன் ஒயிலைக் காப்பதே.

இதைக் கராச்சிற் கொடுத்துச் செய்விக்கலாகாதா எனின், முன்பு அவ்வாறே செய்வித்தோம். ஊர்ப் பெயரும் ஆட் பெயரும் வேண்டா. ஓரிடத்தில் ஒரு பையன், சம்ப்பின் அடியிலுள்ள நட்டைத் தன் இளமையின் முழு வலிமையையுங் காட்டி இறுக்கிவிட்டான். அடுத்த முறை அது கழன்றபோது மரையுஞ் சேர்ந்து வந்தது. மரை புதிதாக வெட்டிச் சேர்க்க இரண்டு நாளுஞ் சென்றன, பணமுஞ் சென்றது. அன்றுதொட்டு இவ்வேலை நம் கைக்கே வந்துவிட்டது.

டீசல் எஞ்சினின் இயல்பு அறிந்தாலன்றி அதன் ஒயிலின் அருமை விளங்காது. 1858 இல் பாரிஸ் நகரிற் பிறந்த செருமானியர் றுடோல்வ் டீசல் என்பார், தமது எஞ்சினை 1897 இல் ஒக்ஸ்பேர்க் நகரிலே வெற்றியாக ஓட்டிக் காட்டினார். 1913 செப்ரெம்பரில், ஆங்கிலக் கால்வாயைக் கடந்த கப்பலொன்றிலிருந்து மறைந்து உயிர் நீத்தார். அம்மறைவு விபத்தோ, தற்கொலையோ, கொலையோ என்னும் வாதம் இன்றும் ஓயவில்லை. அவருடைய எஞ்சினில் தீப்பொறி எழுப்பும் பிளக் இல்லை. வெறுங் காற்றை இருபது மடங்குக்கு மேல் நெருக்க, அது ஐந்நூறு பாகை செல்சியசுக்கு மேற் சூடேறுகின்றது; அவ்வெப்பத்திலே டீசலைத் தெளிக்க, அது தானே பற்றிக்கொள்கின்றது. இவ்வளவு நெருக்கத்தையும் தாங்கும் முசலிகளுக்கும் சுழல்தண்டுக்குமிடையே இருப்பது மயிரிழையினும் மெல்லிய ஒயிற் படலமே.

ஒயில் வழுக்குதற்கு மட்டுமே உரியது எனப் பலர் எண்ணுவர். அது சூட்டைக் கொண்டுசெல்லும். டீசலிலுள்ள கந்தகம் எரிந்து விளைக்கும் அமிலத்தை, தன்னுட் சேர்த்திருக்கும் காரப் பொருள்களால் முறிக்கும். முசலிகளைக் கடந்து கசியும் புகைக்கரியை, ஓரிடத்தில் திரண்டு படியாதபடி தன்னுள்ளே மிதக்க வைத்துக்கொள்ளும். காரம் செலவாகிக் கரி மிகுந்தபின் அதனைச் சுமத்தி வைத்திருத்தல் கொடுமை. போத்தலின் முதுகில் எழுத்துக்களைப் பார்த்து வாங்குக. 'எஸ்' என்று தொடங்குவது பெற்றோல் வண்டிக்கும் 'சீ' என்று தொடங்குவது டீசல் வண்டிக்கும் உரியவை. இரண்டையுந் தாங்கிய போத்தல்களும் உள. நமது வெப்ப நாட்டில் இவ்வகைப் பழைய எஞ்சினுக்கு 15 டபிள்யூ 40 என்னுந் தடிப்பு நன்கு பொருந்தும். நாம் 5000 கிலோமீற்றருக்கு ஒரு முறை மாற்றுகின்றோம்.

கடந்த சித்திரையில் நம் மருமகன் விடுமுறைக்கு வந்திருந்தான். பொறியியல் பயில்பவன், ஆயினும் அதுவரை ஒரு நட்டேனுங் கழற்றியறியான். அவனையுந் துணைக்கொண்டு வேலையைத் தொடங்கினோம். முதலில் வண்டியைப் பத்து நிமிடம் ஓட்டி வந்தோம். ஒயில் இளஞ்சூடாக இருந்தாற்றான் கரியும் கசடுஞ் சேர்ந்து வடியும். கொதிக்கக் கொதிக்க வடித்தாலோ கைதான் வேகும். பின்சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கல்வைத்து, முன்பக்கத்தை ஜக்கினால் உயர்த்தி, இரும்புத் தாங்கிகள் இரண்டினை உரிய இடத்தில் நிறுத்தி வண்டியை அவற்றின்மேல் இறக்கினோம். இதில் மட்டும் நாம் எவருக்கும் விட்டுக்கொடோம். ஜக்கு உயர்த்துதற்கு உரியது, தாங்குதற்கு உரியதன்று. அதனை நம்பி வண்டியின் கீழே புகுவோன் தன் குடும்பத்தாரை எண்ணாதவன்.

பழைய பிளாஸ்ரிக் பேசினைக் கீழே வைத்து, சம்ப் நட்டை இடஞ்சுழியாகத் திருகி இளக்கினோம். கடைசி மரைகளை விரலாலே கழற்றும்போது நட்டை மேனோக்கி அழுத்தியவாறு கழற்றிச் சட்டென விலக்கவேண்டும். இல்லையேல் நட்டும் பேசினுள் விழும், முழங்கைவரை ஒயிலும் வழியும். மருமகன் கையுறை எதற்கு என்றான். பழைய ஒயில் நெடுநாள் தோலிற் படுவது புற்றுநோய்க்கு ஏதுவாகலாம் என்று சொல்லி அணிவித்தோம். வடிவது துளித்துளியாகும்வரை இருந்து ஒரு கோப்பை தேநீர் அருந்துதல் இத்தொழிலின் ஓர் அங்கம். அதனை எவரும் அவசரப்படுத்தலாகாது.

அடுத்தது பில்ரர். தகரக் குடுவையினுள்ளே மடிப்பு மடிப்பாக வைத்த தாள், அவ்வளவே. ஆயினும் அதனுள் நுட்பமும் உண்டு. தாள் முழுவதும் அடைபட்டுப் போனால், வடிபடாத ஒயிலையாவது எஞ்சினுக்கு விடவேண்டுமென்று ஒரு வால்வு திறந்துகொள்ளும். பட்டினியிலும் பழஞ்சோறு மேல் என்னும் நியாயம். பழையது கழன்று வரும்போது அதன் இறப்பர் வளையமும் கூடவே வந்ததா என்று பார்த்தல் இன்றியமையாதது. பழைய வளையம் ஒட்டிக்கிடக்க அதன்மேற் புதியதைப் பூட்டினால், எஞ்சின் கிளம்பியவுடன் ஒயில் முழுவதும் முற்றத்திற் பாயும். புதிய வளையத்தில் விரலாற் புதிய ஒயில் பூசி, கையால் திருகி, வளையம் பதிந்தபின் முக்காற் சுற்று. சாவி வேண்டா. சம்ப் நட்டுக்குப் புதிய வாசர் ஒன்றிட்டு அளவாக இறுக்கினோம்.

பின்பு புனல் வைத்துப் புதிய ஒயிலை வார்த்தோம். நாலு லீற்றருக்குச் சற்று மேற்படக் கொள்ளும். முதலிற் குறைவாக வார்த்து, எஞ்சினைக் கிளப்பி, சிவப்பு விளக்கு அணைந்தபின் நிறுத்தி, ஐந்து நிமிடங் கழித்துக் கம்பியை இழுத்துப் பார்த்து, இரு குறிகளுக்கிடையே மேற்குறியை ஒட்ட நிரப்புதல் முறை. கூடுதலாக இருந்தால் என்ன, நல்லதுதானே என்பார் உளர். டீசல் வண்டியில் அது நல்லதன்று. மிஞ்சிய ஒயில் காற்றுப் போகும் வழியே சிலிண்டருட் புகுந்தால், எஞ்சின் அதனையே எரிபொருளாக்கித் தறிகெட்டு ஓடும். பொறியால் இயங்காத எஞ்சினாதலால் சாவியைத் திருப்பினாலும் நில்லாது.

மருமகன் தானே கம்பியை இழுத்துத் துணியில் ஒற்றிப் பார்த்தான். அவன் முகம் வாடிற்று. "மாமா, இப்ப விட்ட புது ஒயிலும் கறுத்துப் போச்சுதே!" என்றான். வடியாது எஞ்சினுள் ஒட்டிநின்ற சிறிது பழைய ஒயிலின் கரியே புதியதைக் கறுப்பிக்கப் போதும். டீசல் வண்டியிற் கறுப்பு நிறம் ஒயில் கெட்டதற்கு அடையாளமன்று; அது தன் கடமையைச் செய்கின்றது என்பதற்கே அடையாளம்.

இனி, பேசினிற் கிடக்கும் பழைய ஒயில். இக்கட்டுரையை நாம் எழுத எண்ணியதே இதன்பொருட்டு எனினும் பொருந்தும்.

வேலை முடியுந் தறுவாயில் அடுத்த வளவுப் பெரியவர் வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "தம்பி, அந்தக் கழிவு ஒயிலை வீணாக்கிப் போடாதையும். கதியாலடிக்கு ஊத்த எனக்குத் தாரும். கறையான் அண்டாது" என்றார். நம் ஊரில் இது தலைமுறை தலைமுறையாக வரும் வழக்கம். வேலிக் கட்டைக்கும் பனஞ் சலாகைக்கும் கழிவு ஒயில் பூசாத வீடு அருமை. நம் தந்தையாரும் பூசினவரே. பெரியவரோ நாம் சிறுவராயிருந்தபோது நம்மைத் தோளிற் சுமந்தவர். அவர் வாய்விட்டுக் கேட்ட ஒன்றை இல்லை என்பது எத்துணைக் கடினம் என்பதை ஊரில் வாழ்ந்தவர் அறிவர்.

ஆயினும் அவ்வேலியிலிருந்து அவர் கிணறு இருபது முழந்தான். நம் கிணறு அதனினுஞ் சிறிது தொலைவு. யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு ஆண்டு முழுதும் ஓடும் ஆறு கிடையாது. மாரி மழை மெல்லிய மண்ணைக் கடந்து, வெடிப்பும் பிளவும் நிறைந்த சுண்ணக்கல்லினூடே இறங்கித் தேங்குவதே நாம் அள்ளிக் குடிக்கும் நீர். மண்ணில் ஊற்றியது எதுவும் அவ்வழியே இறங்கும். அதனைத் தடுக்கும் பில்ரர் அங்கே இல்லை. ஒரு வண்டியினின்று வடிக்கும் ஒயில் பத்து இலட்சங் கலன் நன்னீரைக் கெடுக்கவல்லது என்பது அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் கூறுங் கணக்கு. அது மிகையெனக் கொள்வாரும் சுன்னாகத்தை மறக்கமாட்டார். அங்கே கிணறுகளில் எண்ணெய் மிதந்த செய்தி 2014, 2015 ஆம் ஆண்டுகளிற் குடாநாட்டையே கலக்கிற்று. தம் வளவிற் கிணறு இருக்க, பவுசரில் வந்த நீருக்கு வாளியோடு காத்துநின்றார் மக்கள். வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்று, 2019 இல் இரண்டு கோடி ரூபா நட்டஈடு கொடுக்குமாறு தீர்ப்பாயிற்று. அது மின்னிலையத்தின் எண்ணெய், நம்முடையது நாலு லீற்றர் என்பார்க்கு நாம் கூறுவது, நாலு லீற்றர் ஊற்றும் முற்றங்கள் எத்தனை என எண்ணிப் பார்க்க என்பதே.

பெரியவரிடம் நாம் சுன்னாகத்தைப் பற்றி உரை நிகழ்த்தவில்லை. "அண்ணை, உங்கடை கிணத்துத் தண்ணியிலைதானே எங்கடை வீட்டுப் பொங்கலுக்கும் உலை வைக்கிறம். இதை அதுக்குக் கிட்ட ஊத்த எனக்கு மனமில்லை" என்று மட்டுஞ் சொன்னோம். அவர் கிணறு நன்னீர், நம்முடையது சிறிது உவர். அவர் சிறிது நேரம் பேசாது நின்றார். பின்பு, "அப்ப கதியாலுக்கு என்ன செய்யிறது?" என்றார். அது நியாயமான கேள்வி. கழிவு ஒயிலைத் தடுப்பவர் கறையானுக்கு விடை கூறவேண்டும். மருமகனும் நாமுமாகச் சேர்ந்து, இற்றுப்போன நான்கு கட்டைகளை நீக்கிச் சீமெந்துத் தூண் நாட்டித் தருவதாக ஒப்புக்கொண்டு, அடுத்த வாரமே நாட்டினோம். எஞ்சியன கிளுவையும் பூவரசும். உயிர்க் கதியாலைக் கறையான் எளிதில் அண்டாது.

ஒயிலை, புதியது வந்த அதே கலனுக்குள் ஊற்றி மூடினோம். பில்ரரை ஓரிரவு கவிழ்த்து வைத்து வடித்தோம். நகரத்துச் சேர்விஸ் நிலையம் ஒன்று கழிவு ஒயிலைப் பீப்பாயிற் சேர்த்து, வாங்குவோரிடங் கொடுக்கின்றது. பெருஞ்சூளைகளின் மிகுந்த வெப்பத்தில் அஃது எரிபொருளாகின்றது. கலனில் டீசலோ தண்ணீரோ கலந்திருந்தால் வாங்கார். ஆதலால் வேறெதையும் அதில் ஊற்றலாகாது.

மறுநாட் காலை கலனைக் காரிலேற்றிப் புறப்படும்போது பெரியவர் படலையடியில் நின்றார். கையில் ஒரு பழைய ரின். அவருடைய லான்ட்மாஸ்டரில் வடித்த ஒயிலாம், மாதக்கணக்காகக் கொட்டிலிற் கிடந்ததாம். "இதையும் கொண்டுபோய்க் குடுத்துவிடும்" என்றார். மூடி இல்லாத ரின்னாதலால், ஒரு பொலித்தீன் துண்டை மேலே கட்டி, மருமகனை மடியில் வைத்துப் பிடித்திருக்கச் சொல்லி மெல்ல ஓட்டிச் சென்றோம்.