பிடிபட்ட மீன்

விலங்கியலில் எம்.எஸ்ஸி. படிக்கிறவனுக்கு ஸ்பானிஷ் எதற்கு என்று சங்க நண்பர்கள் பலரும் கேட்டுவிட்டார்கள். ஸ்பெயின் நாட்டின் வடமேற்குக் கரையில் விகோ என்றொரு துறைமுகம் இருக்கிறது. மீன்பிடித் தொழிலுக்குப் பேர்போன ஊர். கடல் ஆராய்ச்சி நிலையமும் அங்கே உண்டு. மீனின் செவுளைப் பற்றி ஆராய வேண்டும் என்ற ஆசை உடையவன் நான். என்றேனும் அங்கே போக வாய்த்தால் நாலு வார்த்தை பேசத் தெரிய வேண்டாமா? அந்த நினைப்பில்தான் டில்லிக் குளிரிலும் மாலை வகுப்புக்கு நடக்கிறேன்.

போன இடத்தில் மீனிலேயே இடறி விழுந்தேன்.

ஆங்கிலத்தில் 'ஃபிஷ்' என்ற ஒரு சொல் குளத்து மீனுக்கும் குழம்பு மீனுக்கும் போதும். நம் 'மீன்' என்ற சொல்லும் அப்படியே. ஸ்பானியருக்கு அது போதாது. நீரில் நீந்திக்கொண்டிருப்பது 'பெத்'; பலவானால் 'பெதெஸ்'. அதையே உண்பதற்காகப் பிடித்துக் கரையேற்றிவிட்டால் 'பெஸ்காதோ'. 'பெஸ்கார்' என்றால் மீன் பிடித்தல். 'பெஸ்காதோ' என்றால் பிடிக்கப்பட்டது. சொல்லுக்குள்ளேயே வலை கிடக்கிறது! மீன் வளர்க்கும் கண்ணாடித் தொட்டி முன்னதிலிருந்து பிறந்து 'பெதேரா' ஆயிற்று. மீன் கடை பின்னதிலிருந்து பிறந்து 'பெஸ்கதெரீயா' ஆயிற்று. வாள்மீன் மட்டும் தட்டுக்கு வந்த பிறகும் 'பெத் எஸ்பாதா' என்றே பெயர் தாங்கி நிற்கிறது. அதற்கு என்ன சலுகையோ! ஒரு பாடத்தில் ஒன்றுமே தெரியாதவனை 'அவன் அதில் பெத்' என்று சொல்வதும் ஸ்பெயினில் வழக்கம். அந்த வழக்கு என்னைப் பார்த்துத்தான் உண்டாகியிருக்க வேண்டும்.

நாம் மட்டும் என்ன? வயலில் நெல், மூட்டையில் அரிசி, இலையில் சோறு என்று மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறோம். அவர்களோ அத்தனையையும் 'அர்ரோத்' என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள்.

இவ்வளவும் நான் பின்னால் கற்றவை. கற்பதற்கு முன் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

பெற்றோரின் தொழிலைச் சொல்லும் பாடம் அன்று. ஒருவனுடைய தந்தை பொறியாளர், ஒருத்தியின் தாய் மருத்துவர் என்று வரிசையாக வந்தது. என் தாயார் நாகப்பட்டினத்தில் மீன் விற்கிறார். விடியுமுன் துறைமுகத்தில் ஏலம் எடுத்து, அலுமினிய அன்னக்கூடையில் சுமந்து, தெருத் தெருவாகக் கூவி விற்பவர். தந்தை இல்லாத வீட்டிலிருந்து என்னை டில்லி வரை அனுப்பியது அந்தக் கூடைதான். எனக்கு அன்று தெரிந்தது ஒரே சொல். "மி மாத்ரே வெந்தே பெதெஸ்" என்றேன்.

ஆசிரியையின் முகம் மலர்ந்தது. "வண்ண மீன்களா? தொட்டியில் வைத்து விற்கிறார்களா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியில்தான் என் பிழை எனக்கு விளங்கிற்று. 'இல்லை, சமைக்கிற மீன்' என்று ஆங்கிலத்திலேனும் சொல்லியிருக்கலாம். விடுதிக்கு வந்த முதல் வாரம் என் பெட்டியைத் திறந்ததும் ஒருவர் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே போனது நினைவுக்கு வந்தது. வகுப்பை ஒருமுறை பார்த்தேன். "ஸீ" என்றேன். ஆமாம் என்று பொருள்.

பக்கத்தில் நம் சங்கத்து நண்பர் ஒருவர் இருந்தார். படியிறங்கும்போது பிடித்துக்கொண்டார். "நாகையில் வண்ணமீன் கடையா? சொல்லவே இல்லையே ஐயா! என் தங்கைக்குத் தங்கமீன் ஒரு ஜோடி வேண்டுமே" என்றார். பார்க்கலாம் என்றேன். வேறு என்ன சொல்வது?

வேடிக்கை என்னவென்றால், ஆய்வுக்கூடத்தில் விரால் மீனை அறுத்து அறுத்து என் கையிலும் அந்த வாடைதான். அதற்கு யாரும் மூக்கைப் பொத்துவதில்லை. அது படிப்பின் வாடை போலும்!

ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு தொலைபேசியில் பேசும்போது இரண்டு சொற்களின் கதையைச் சொன்னேன்.

"செத்த மீனைத்தானே தம்பி நான் விக்கிறேன்? உசிரோட வேணும்னா குளத்துக்குப் போகச் சொல்லு" என்று சிரித்தார். பிறகு, "நீ எதைச் சொன்னே?" என்று கேட்டார்.

மீன்பாடு எப்படி என்று நான் பேச்சை மாற்றினேன். சங்கரா நிறைய வந்ததாம், விலைதான் இல்லையாம். அன்றிரவு நெடுநேரம் உறக்கம் பிடிக்கவில்லை.

அடுத்த வாரம் குடும்பத்தைப் பற்றிப் பத்து வாக்கியம் எழுதி வந்து படிக்கச் சொன்னார்கள். என் மூன்றாவது வாக்கியம், "மி மாத்ரே வெந்தே பெஸ்காதோ." குரல் கொஞ்சம் நடுங்கத்தான் செய்தது. ஆசிரியை நிமிர்ந்து பார்த்தார். "அப்படியானால் அந்தப் பெதெஸ் என்ன ஆயின?"

"பெஸ்காதோஸ்" என்றேன். பிடிபட்டுவிட்டன என்று சொல்ல நினைத்தேன். இலக்கணம் சரிதானா என்று இன்றுவரை கேட்கவில்லை. அவர் கொஞ்சம் என்னையே பார்த்திருந்துவிட்டு, மேலே படி என்பதுபோல் தலையசைத்தார். நான்காவது வாக்கியத்தில் தெருத் தெருவாகச் சுமப்பதையும் எழுதியிருந்தேன். அதையும் படித்தேன்.

படியில் நண்பர் காத்திருந்தார்.

"அப்போ தங்கமீன் இல்லை?"

"இல்லை. மன்னிக்க வேண்டும்."

அவர் சற்று யோசித்தார். "நெத்திலிக் கருவாடு கிடைக்குமா?" என்றார். தங்கை பேச்சையே காணோம்.

கிடைக்கும் என்றேன். ஆனால் சென்னையிலிருந்து ரயிலில் முப்பது மணி நேரத்துக்கும் மேல் ஆகும். பக்கத்து இருக்கைக்காரர்களுக்கு யார் பதில் சொல்வது? பொங்கலுக்கு ஊர் போகும்போது இரண்டு மூன்று உறை போட்டு இறுக்கிக் கட்டித் தர வேண்டும் என்று அம்மாவிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.