ஒரூனோக்கோவும் முக்கூடற் பள்ளும்: எல்லைப்புற வகுப்பறையிலிருந்து சில எண்ணங்கள்

ஒப்பிலக்கியத் தாளில் அடிமைமுறை சார்ந்த நாடகம் ஒன்றைப் பயிற்றுவிக்க நேர்ந்தபோது, தாமஸ் சதர்னின் ‘ஒரூனோக்கோ’வைத் தேர்ந்தெடுத்தேன். ஆப்ரா பென் என்னும் பெண் எழுத்தாளர் 1688இல் வெளியிட்ட குறுநாவலைத் தழுவி எழுதப்பட்டு, 1695இல் இலண்டன் துரூரி லேன் அரங்கில் மேடையேறிய அவல நகை நாடகம் இது. ஆப்பிரிக்க இளவரசன் ஒருவன் வஞ்சகத்தால் பிடிக்கப்பட்டுத் தென்னமெரிக்காவின் சுரினாமில் அடிமையாக விற்கப்படுகிறான். பிரிந்த மனைவி இமோயிண்டாவை அங்கேயே காண்கிறான். கலகம் செய்து தோற்று மடிகிறான். இதனோடு பின்னப்பட்ட மற்றொரு கதையில், இலண்டனில் மணமகன் கிடைக்காத சகோதரியர் இருவர் சுரினாமுக்குக் கணவர் தேடி வருகின்றனர். மூத்தவள் ஆண்வேடம் பூண்டு ஒரு கைம்பெண்ணையே ‘மணந்து’ ஏமாற்றுகிறாள்.

இந்நகைப்பகுதி அவலத்தின் பெருமையைக் குலைப்பதாகக் கருதி, 1759இல் ஜான் ஹாக்ஸ்வொர்த் அதனை நீக்கித் திருத்திய வடிவத்தை அமைத்தார். அந்நீக்கம் நாடகத்திற்கு இழப்பே என்பது என் கருத்து. அடிமைச் சந்தையும் திருமணச் சந்தையும் ஒரே மேடையில் நிற்கும்போதுதான் விலைபேசுதல் என்னும் செயலின் முழு உருவம் புலப்படுகிறது.

எனினும் இந்நாடகத்தில் சிரிப்பு யாருக்கு உரியது என்று கேட்டால், அது வெள்ளையருக்கே உரியது. அடிமைகள் சிரிப்பதில்லை. நாயகன் இளவரசன் என்பதாலேயே அவன் துயர் துயராக மதிக்கப்படுகிறது. உடன் கலகம் செய்த ஏனையோர் ஆயுதங்களைக் கீழே போடும் கோழைகளாகக் காட்டப்படுகின்றனர். குறுநாவலில் கறுப்பினப் பெண்ணாக இருந்த இமோயிண்டாவைச் சதர்ன் வெள்ளைப் பெண்ணாக மாற்றியதும் இங்கு நோக்கத்தக்கது.

ஏறத்தாழ அதே காலத்தில், பொருநைக் கரையில் வேறொரு நூல் தோன்றியது. 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சார்ந்ததாகக் கருதப்படும் முக்கூடற் பள்ளில் நாயகன் பண்ணையாள், அழகர் அடியான், இரு மனைவியர்க்கிடையே அல்லற்படுபவன். மூத்த பள்ளி முறையிட, பண்ணைக்காரன் அவனைத் தொழுமரத்தில் மாட்டுகிறான். பின் அவளே இரங்கி அவனை விடுவிக்க வேண்டுகிறாள். ஆனால் அப்பண்ணைக்காரனின் தோற்றமே நூலில் எள்ளி நகையாடப்படுகிறது. சிரிப்பு இங்கே கீழிருந்து மேல்நோக்கிச் செல்கிறது. ஆயின் கலகம் இல்லை. ஒன்றில் கலகம் உண்டு, சாமானியனுக்கு மதிப்பில்லை. மற்றதில் சாமானியனே நாயகன், தளையோ தளையாகவே நீடிக்கிறது.

எங்கள் வட்டாரத்தில் இவ்வொப்பீடு ஏட்டளவில் நிற்பதில்லை. 1800ஆம் ஆண்டின் இறுதியில் பாலக்காடு வழியாகப் பயணம் செய்த பிரான்சிஸ் புக்கானன், மலபாரில் அடிமைகள் ஜன்மம், காணம், பாட்டம் என்னும் மூவகையில் கைமாறியதை எழுதியுள்ளார். விலைக்கு, ஒற்றிக்கு, வாடகைக்கு என நிலத்திற்குரிய அதே சொற்கள் மனிதருக்கும் வழங்கின. கணவன் மனைவியரைப் பிரித்து விற்பதில்லை, பிள்ளைகளைப் பிரிக்கலாம் என்றும் அவர் குறிக்கிறார். சதர்னின் நாடகத்தில் ஒரூனோக்கோ நெடுநேரம் கலகத்திற்கு இசையாதவன். பிறக்கவிருக்கும் தன் குழந்தையும் அடிமையாகும் என்று தோழன் அபோவான் நினைவூட்டிய பின்னரே மனம் மாறுகிறான். புக்கானனின் குறிப்பைப் படித்தபின் அக்காட்சியைப் பாடம் சொல்வது எளிதாக இல்லை.

சட்டமும் இங்கு ஒரே நாளில் வரவில்லை. ஆங்கிலேயர் ஆண்ட பாலக்காட்டில் 1843ஆம் ஆண்டின் 5ஆம் சட்டம் அடிமையுரிமைக்கு நீதிமன்ற ஏற்பை மறுத்தது. அருகிலேயே இருந்தும் கொச்சி அரசைச் சார்ந்த சித்தூரில் 1854 வரையிலும், திருவிதாங்கூருக்குட்பட்ட தேவிகுளம் மலைகளில் 1855 வரையிலும் காத்திருக்க வேண்டியதாயிற்று. பின்னர் அம்மலைகளில் தேயிலை வந்தது. கங்காணியின் முன்பணத்தோடு தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலிருந்து கூலிகளும் வந்தனர். சட்டப்படி அவர்கள் அடிமைகள் அல்லர். அந்த ‘சட்டப்படி’ என்னும் சொல் எவ்வளவு தாங்கும் என்பதை, ஆனைமலைத் தோட்டங்களைப் பற்றிய பி. எச். டேனியலின் ‘ரெட் டீ’ (1969) நாவலைப் படித்தோர் அறிவர். இரா. முருகவேள் அதனை ‘எரியும் பனிக்காடு’ எனத் தமிழாக்கினார்.

மூணாற்றுப் பக்கத்து லயத்தில் வளர்ந்த மாணவி ஒருத்தி வகுப்பில் கேட்டாள்: “ஐயா, ஆயுதத்தைக் கீழே போட்டவங்க பேரெல்லாம் நாடகத்துல இருக்கா?” ஹாட்மன் என்ற காட்டிக்கொடுப்பவன் பெயர் இருக்கிறது, பெரும்பாலோர்க்குப் பெயர் இல்லை என்றேன். அவள் 2015 செப்டம்பர் மாதத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினாள். போனஸ் 20 விழுக்காடு வேண்டும் எனத் தோட்டப் பெண்கள் தொழிற்சங்கத் தலைவர்களை ஒதுக்கிவிட்டு மூணாற்றுச் சாலையில் அமர்ந்த ‘பெம்பிளை ஒருமை’ போராட்டம் அது. அவர்தம் முழக்கங்கள் தலைவர்களை நையாண்டி செய்தன. அவளுடைய உறவினர் சிலரும் அக்கூட்டத்தில் இருந்தார்களாம். இளவரசன் எவனும் அங்கில்லை. சிரிப்பும் கலகமும் ஒரே வாயிலிருந்து வந்தன.

அம்மாணவி இப்போது அம்முழக்கங்களைத் தொகுத்து, பள்ளிலுள்ள ஏசல் பகுதியின் யாப்போடு ஒப்பிட்டுக் கொண்டிருக்கிறாள்.