கச்சான் காற்றும் மைத்துளையும்

வைகாசி பிறந்தால் தம்பலகாமத்தில் கச்சான் அடிக்கத் தொடங்கிவிடும். மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு, ஈரம் வற்றிய வெறுங்காற்றாகக் கிழக்கே இறங்கிவரும் தென்மேற்குப் பருவக்காற்று அது. கிணறு இறங்கும், வரம்பு வெடிக்கும், கதவுப் பலகை சுருங்கும். இப்போது இந்த வரிசையில் மைதெளிப்பு அச்சுப்பொறியையும் சேர்க்கவேண்டியிருக்கிறது. குளிர்காலத்தில் அறையைச் சூடாக்கி வாழும் டொரன்ரோ, ஒஸ்லோ உறவுகளுக்கும் இதே தொல்லைதான். வறண்ட காற்று எந்த ஊரில் இருந்தாலும் மையைக் காயவைக்கும்.

வீட்டில் நான் படம் அச்சிடும் பொறி ஒன்றை வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. 1986 ஏப்ரலில் கந்தளாய்க் குளக்கட்டு உடைந்தது. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டது. 2004 டிசம்பரில் கடல் எழுந்து வந்தது. இத்தனைக்கும் பிறகு திருகோணமலை மாவட்டத்தில் பழைய அல்பம் முழுதாக இருக்கும் வீடு அரிது. தப்பிய ஒன்றிரண்டு படங்களைப் பெரிதாக்கித் தரும்படி அயலவர் கொண்டுவருவார்கள்.

சென்ற கச்சான் காலத்தில் அயல்வீட்டு ஆச்சி ஒருவர் வந்தார். அவர் மகன் காணாமற்போனது 1990இல். அடையாள அட்டைக்கென எடுத்த, பெருவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றுதான் அவரிடம் மிஞ்சியிருக்கிறது. 2017இல் வடக்கிலும் கிழக்கிலும் உறவினர்கள் தொடர் போராட்டத்தில் அமர்ந்தபோது, அதைப் பெரிதாக்கிக் கையில் ஏந்தியிருந்தார். வெயிலில் இருந்து இருந்து அந்தப் பிரதி வெளிறிவிட்டது. இன்னொன்று வேண்டுமென்றார்.

பெரும்பாலான பொறிகள் கறுப்பு வெள்ளைப் படத்தைக் கறுப்பு மையால் மட்டும் அச்சிடுவதில்லை. நீலம், செந்நீலம், மஞ்சள் மூன்றையும் கலந்தே சாம்பல் நிறத்தை உண்டாக்குகின்றன. ஒரு துளி என்பது சில பிகோலீற்றர். பிகோலீற்றரோ ஒரு லீற்றரில் இலட்சம் கோடியில் ஒரு பங்கு. பூக்களின் படத்தில் சில துளைகள் அடைபட்டிருந்தால் கண்ணுக்குத் தெரியாது. சாம்பல் நிற முகத்தில் உடனே காட்டிக்கொடுத்துவிடும். செந்நீலம் குறைந்தால் முகம் பச்சை பாயும், நீலம் குறைந்தால் சிவக்கும், மஞ்சள் குறைந்தால் நீலம் படியும். ஆச்சியின் மகன் பச்சை பாய்ந்து, நெற்றியில் குறுக்குக் கோடுகளோடு வந்தான்.

அந்தத் தாளை நான் எடுத்து ஒதுக்கியபோது ஆச்சி கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, கசக்கிப் போடாதையுங்கோ. நான் கொண்டுபோறன்" என்றார். முகமிருக்கும் தாள் அவருக்குப் பழுதான தாள் அல்ல.

அதன்பின் அந்த முகத்தை வைத்துச் சோதிக்க மனம் வரவில்லை. நொசில் சோதனைக் கட்டத்தைச் சாதாரணத் தாளில் அடித்தேன். படிக்கட்டு போன்ற சிறு கோடுகள் நிறத்துக்கு நிறம் வரும். செந்நீலத்தில் நான்கு படிகள் இல்லை. துப்புரவாக்கும் கட்டளையை ஒருமுறை கொடுத்து மீண்டும் பார்த்தேன். அதே இடத்தில் இரண்டு படிகள் இல்லை.

இந்த "அதே இடம்" என்பதுதான் முக்கியம். இடைவெளி ஒரே இடத்தில் நின்றால் மை காய்ந்து அடைத்திருக்கிறது என்று கொள்ளலாம். ஒவ்வொரு சோதனையிலும் இடம் மாறினால் மை வரும் வழியில் காற்றுப் புகுந்திருக்கக்கூடும். அப்போது துப்புரவு செய்யச் செய்ய நிலைமை மோசமாகும். பேசாமல் ஓர் இரவு விட்டுவிடுவதே நல்லது. ஒரு நிறம் முழுதாக இல்லையென்றால் மைப்பெட்டியைப் பாருங்கள், காற்றுத்துளையை மூடிய ஒட்டுத்தாள் உரிக்கப்படாமல் இருக்கலாம். எதுவானாலும் அடுத்தடுத்து மூன்று தடவைக்கு மேல் துப்புரவு வேண்டாம். உறிஞ்சிய மையெல்லாம் பொறியின் அடியிலுள்ள பஞ்சுக்குப் போகிறது. பஞ்சு நிரம்பிவிட்டதாகக் கணக்கு வந்தால் பொறி வேலை நிறுத்தம் செய்துவிடும். மையின் விலை தெரிந்தவர்களுக்கு வேறு காரணமும் சொல்லத் தேவையில்லை.

எப்சன் பொறிகளில் அச்சுத்தலை பொறியோடு இருப்பது. மைப்பெட்டியை மாற்றினாலும் அடைப்புப் போகாது. எச்பியின் பல சிறிய பொறிகளில் தலை மைப்பெட்டியோடு வருகிறது. புதிய பெட்டி போட்டால் புதிய தலை. இணையத்தில் ஒருவர் சொல்லும் வைத்தியம் இன்னொருவருக்குப் பலிக்காமற்போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஓர் இரவு ஆறவிட்டு மறுநாள் இன்னொரு துப்புரவு. படிகள் முழுதாக வந்தன. பச்சை நீங்கியது. ஆனால் புருவமும் சட்டைக் கழுத்தும் இரட்டை விளிம்போடு நின்றன.

பத்திரிகைக்காரனுக்கு இது பழகிய நோய். நாலு வண்ணத் தகடுகள் மயிரிழை விலகினால் அமைச்சரின் உதடு கன்னத்துக்குப் போய்விடும். அச்சக்கூடத்தில் இரவு முழுதும் இதற்காகச் சண்டை பிடித்திருக்கிறோம். இங்கே விலகுவது தகடல்ல. தலை வலப்புறம் ஓடும்போதும் இடப்புறம் திரும்பும்போதும் துளி தெறிக்கிறது. இரண்டு ஓட்டத்தின் துளிகளும் ஒரே புள்ளியில் விழவேண்டும். தடித்த தாளில் தலைக்கும் தாளுக்குமான இடைவெளி குறைவதால் பழைய கணக்குப் பிசகும். ஐயமிருந்தால் இருதிசை அச்சை நிறுத்திப் பாருங்கள். இரட்டை விளிம்பு மறைந்தால் குற்றம் நேர்ப்படுத்தலில்தான். இதற்குத் துப்புரவு செய்வது காய்ச்சலுக்குக் கட்டுப்போடுவது போன்றது. ஆனால் அடைப்பு நீங்கிய பிறகே நேர்ப்படுத்தவேண்டும். துளை அடைத்திருந்தால் நேர்ப்படுத்தும் கட்டமே ஓட்டையாக வரும்.

இன்னொன்று, பொறியைச் சுவர் ஆளியில் அணைக்காதீர்கள். அதன் பொத்தானை அழுத்தினால்தான் தலை தன் மூடிக்குள் போய் ஒடுங்கும். 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு வந்தபோது, அச்சு நடுவில் நின்ற தலைகள் மூடியின்றிக் காய்ந்தன.

ஆச்சியின் படத்துக்குச் சாயமை வேண்டாமென்று முன்பே தீர்மானித்திருந்தேன். நிறமி மை வெயிலை அதிகம் தாங்கும். சட்டமும் கண்ணாடியும் கையில் ஏந்துவதற்குப் பாரம். ஒருநாள் முழுதும் காயவிட்டு, பட்டினத்தில் லமினேற் செய்வித்துக் கொடுத்தேன். மாலை போட்டதுபோல ஓரத்தில் பூ வரைந்து தரட்டுமா என்று கடைப்பையன் கேட்டிருக்கிறான். வேண்டாமென்று சொல்லிவிட்டேன். ஆச்சி அந்த மகனுக்கு இன்றுவரை மாலை போட்டதில்லை.