இல்லாததைக் காணும் கண்

தேர்வு நெருங்கும் காலத்தில் மாணவர் உள்ளம் பட்டியலை நாடுவது இயல்பு. நூற்பாவை ஒப்புவித்துவிட்டு உரையை மறந்துவிடும் இலக்கண மாணவனைத் தமிழாசிரியர் நன்கறிவர். மருத்துவ மாணவனும் இதற்கு விலக்கல்லன். நோய்த்தடுப்பியல் பாடத்திற்கு வந்தவுடன், வெள்ளணுக்களின் அடையாளக் குறிகளாகிய சி.டி. 3, சி.டி. 4, சி.டி. 8, சி.டி. 19 என்னும் எண்களை மந்திரம்போல் உருப்போடுகின்றான். ஆனால், வினாத்தாளில் எண் வருவதில்லை. ஒரு குழந்தை வருகின்றது. 'ஆண் குழந்தை, முதல் ஆறு மாதம் நலமாக இருந்தது, அதன்பின் காதிலும் நுரையீரலிலும் மீண்டும் மீண்டும் சீழ்த்தொற்று. குறை யாது?' உருப்போட்ட மந்திரம் அங்கே ஊமையாகி விடுகின்றது.

இத்தகைய வினாவுக்குப் பின்னால் உண்மையான சிறுவன் ஒருவன் நிற்கின்றான். வாஷிங்டனிலிருந்த வால்டர் ரீட் இராணுவ மருத்துவமனையில், எட்டு வயதுடைய அவன் நியூமோகாக்கஸ் கிருமியின் தாக்குதலுக்குத் திரும்பத் திரும்ப ஆளானான். தடுப்பூசி இட்டும் அவன் உடல் எதிர்ப்பொருளை உண்டாக்கவில்லை. மருத்துவர் ஆக்டன் புரூட்டன், குருதிப் புரதங்களை மின்புலத்தில் பிரித்துப் பார்க்கும் சோதனையை நாடினார். காமா குளோபுலின் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது! இல்லாததை அவர் ஊசி வழியே அளித்தார்; சிறுவன் தேறினான். 1952-ஆம் ஆண்டு புரூட்டன் இதனை வெளியிட்டார்.

குறை இன்னதென்று தெரிந்தது. அது எங்கே பிறந்தது என்பது தெரியவில்லை. அதற்கு வழிகாட்டியது ஒரு கோழி. பறவையின் கழிவாய் அருகே 'பர்சா' என்னும் சிறு பை உண்டு. அமெரிக்காவின் ஒஹாயோவில் புரூஸ் கிளிக் என்பார் அதனை நீக்கி வளர்த்த கோழிகள், எதிர்ப்பொருளை உண்டாக்கத் தவறின. 1956-இல் கோழி வளர்ப்பியல் இதழொன்றில் வெளிவந்த அச்செய்தியை மருத்துவ உலகம் உடனே பொருட்படுத்தவில்லை. 1965-இல் மேக்ஸ் கூப்பரும் அவர்தம் குழுவினரும் பணியைத் தொடர்ந்து, இருவேறு அணுப்படைகள் உண்டென நிறுவினர். பர்சாவில் வளர்வது பி அணு; தைமஸில் வளர்வது டி அணு. பர்சா இல்லாத மனிதனிடத்தில் பி அணு எலும்பு மச்சையில் வளர்கின்றது.

நுண்ணோக்கியில் இவ்விரு அணுக்களும் ஒன்றுபோலவே தோன்றும். சீருடை அணிந்த மாணவரைப் பெயர்ச்சீட்டு கொண்டு அறிவதுபோல், அணுவின் மேற்பரப்பிலுள்ள புரதங்களைக் கொண்டே அவற்றைப் பிரித்தறிய வேண்டும். அப்புரதங்களுக்கு ஒழுங்கான எண் வழங்கும் முறை 1982-இல் பாரிசில் கூடிய ஆய்வரங்கில் தொடங்கியது. சி.டி. 3 டி அணுவின் சீட்டு, அவற்றுள் சி.டி. 4 உதவியாளன், சி.டி. 8 கொல்லும் வீரன். சி.டி. 19 பி அணுவின் சீட்டு.

இனி அந்தக் குழந்தையிடம் திரும்பலாம். கருவிலிருந்தபோது தாய் அளித்த எதிர்ப்பொருளே அதனை முதல் மாதங்களில் காத்தது; அது தீர்ந்ததும் வறுமை வெளிப்பட்டது. குருதியில் சி.டி. 3 உண்டு, சி.டி. 19 ஏறத்தாழ இல்லை. அப்படியானால் பி அணு மச்சையிலேயே வளர்ச்சி நின்றுவிட்டது. எக்ஸ் குரோமோசோமில் அதற்குரிய குறையுள்ள மரபணுவை 1993-இல் கண்டறிந்து, அது ஆக்கும் நொதிக்குப் புரூட்டன் பெயரையே சூட்டினர். ஆண் மக்களே பெரும்பாலும் துன்புறும் காரணமும் அதுவே.

சி.டி. 19 இருந்தும் எதிர்ப்பொருள் குன்றியிருந்தால், பி அணு பிறந்தும் முதிரவில்லை என எண்ண வேண்டும். ஐ.ஜி.எம். மட்டும் நிறைந்து ஐ.ஜி.ஜி.யும் ஐ.ஜி.ஏ.யும் குறைந்திருந்தால், டி அணுவின் மேலுள்ள சி.டி. 40 இணைப்புப் புரதத்தை ஐயுற வேண்டும். குறை டி அணுவில், முடங்குவதோ பி அணுவின் தொழில்! ஐ.ஜி.ஏ. மட்டும் இல்லாதோர் பலர் நோயின்றியே வாழ்கின்றனர். எனினும் அவருள் சிலருக்குப் பிறர் குருதி ஏற்றுவது பேரிடர் ஆகலாம்.

எது இல்லை, எந்தப் படியில் இல்லாமற் போயிற்று என்னும் இரண்டு வினாக்களே பட்டியல் முழுவதற்கும் உரையாகும். அவ்வுரையை அறியாத மருத்துவன், பி அணு இல்லாத பிள்ளைக்கு உயிருள்ள போலியோ சொட்டு மருந்தைக் கொடுத்து, காக்க வந்த மருந்தாலேயே முடமாக்கவும் கூடும். அறிந்தவனோ, தொண்டையில் விளக்கொளியைப் பாய்ச்சும்போதே, அங்கே டான்சில் சதை காணப்படாமையை உணர்ந்து ஒரு கணம் நிற்பான். அந்த ஒரு கணத்தில் ஒரு பிள்ளை பிழைக்கின்றது. இருப்பதைக் காண்பது கண். இல்லாததைக் காண்பது கல்வி.